பத்து நிமிடம் நின்றால் சரியாகிவிடும் வண்டி

செட்டிகுளத்துப் பக்கம் சின்ன வெங்காயம் மூட்டை பிடிக்கும் நாட்களில், பழைய டீசல் பிக்கப் ஒன்று ஒரு டன் சரக்கோடு திருச்சி மண்டிக்குப் புறப்படுவதாக வைத்துக்கொள்வோம். பதினைந்து வருடத்துக்கு மேல் ஓடிய வண்டி. புறப்படும் முன் டேங்கை நிரப்பியாகிவிட்டது. பாடாலூர் வரை ஒரு குறையும் இல்லை. நான்குவழிச் சாலையில் ஏறி, சிறுகனூரை நெருங்கும்போது வண்டி முக்க ஆரம்பிக்கிறது. ஆக்சிலேட்டரை முழுக்க மிதித்தாலும் வேகம் அறுபதிலிருந்து நாற்பதுக்கு இறங்குகிறது. சாலையோரம் ஒதுக்கி, இன்ஜினை அணைத்துவிட்டு ஒரு டீ குடித்து வந்தால், ஒன்றுமே நடக்காததுபோல் பழையபடி இழுக்கிறது. மறுநாள் பட்டறையில் விட்டால், மெக்கானிக் ரேஸ் கொடுத்துப் பார்க்கிறார்; காலி வண்டியை ஒரு சுற்று ஓட்டிப் பார்க்கிறார். எந்தக் குறையும் தெரிவதில்லை.

பெரம்பலூரிலும் அரியலூரிலும் பிக்கப் வைத்துப் பிழைக்கும் பலருக்கு இந்த அலைச்சல் பழக்கமானது. வழக்கமாக இதற்கு நடக்கும் வைத்தியமும் தெரிந்ததே. முதலில் டீசல் ஃபில்டர் மாற்றுவார்கள். இரண்டு நாள் நன்றாக ஓடும். பிறகு நாசில்களைக் கழற்றி அழுத்தம் பார்ப்பார்கள். அதற்குப் பிறகு பம்ப் கழன்று சோதனைப் பெஞ்சுக்குப் போகும். செலவு ஆயிரங்களைத் தாண்டி, சரக்கு ஏற்றாத நாட்களின் நட்டமும் சேர்ந்த பிறகு, டேங்க் மூடியில் இருக்கும் ஊசித்துளையில் மண் அடைத்திருந்தது என்று யாராவது கண்டுபிடிப்பார்கள். இந்தச் செலவில் பெரும்பகுதியைத் தவிர்க்க முடியும் என்று உறுதியாக நம்புகிறேன். விட்டு விட்டு வரும் கோளாறில் எந்தப் பாகம் என்ற கேள்விக்கு முன்னால் எப்போது, எப்படி என்ற கேள்விகளைக் கேட்க வேண்டும். அவற்றுக்கான பதில்களைப் புரிந்துகொள்ள டீசல் இன்ஜினின் இயற்பியல் கொஞ்சம் தெரிந்தால் போதும்.

டீசல் இன்ஜினில் தீப்பொறி கிடையாது. காற்றை மட்டும் சிலிண்டருக்குள் இழுத்து, ஏறத்தாழ இருபதில் ஒரு பங்காகச் சுருக்கினால், அது டீசலைப் பற்றவைக்கும் அளவுக்குச் சூடாகிறது. அந்த நொடியில் டீசலைப் பீய்ச்சினால் எரிகிறது. ருடால்ஃப் டீசல் 1897இல் ஆக்ஸ்பர்க் நகரில் ஓட்டிக் காட்டிய இன்ஜினிலும் இதுதான் அடிப்படை. பழைய பெட்ரோல் இன்ஜினில் ஆக்சிலேட்டரை மிதித்தால் காற்று வரும் வழி திறக்கும். பழைய டீசல் இன்ஜினில் காற்று எப்போதும் முழுமையாகத்தான் வருகிறது. ஆக்சிலேட்டர் கூட்டுவதும் குறைப்பதும் டீசலின் அளவை மட்டுமே. ஆகவே டீசல் வண்டியில் இழுவை குறைந்தால், வேண்டிய டீசல் வரவில்லை, அல்லது வந்த டீசல் எரியப் போதிய காற்று இல்லை, அல்லது சிலிண்டருக்குள் அழுத்தம் நிற்கவில்லை. மூன்றாவதான லைனர், ரிங், வால்வு தேய்மானம் பத்து நிமிட ஓய்வில் சரியாகாது. எனவே விட்டு விட்டு வரும் கோளாறில் முதல் இரண்டைத்தான் துருவ வேண்டும்.

எவ்வளவு டீசலைப் பற்றிப் பேசுகிறோம்? அறுபது குதிரைத்திறன் தரும் 2.5 லிட்டர், நான்கு சிலிண்டர் இன்ஜின் நிமிடத்துக்கு 3000 சுற்றில் முழு இழுவையோடு ஓடும்போது, நொடிக்கு 100 தடவை டீசல் பீய்ச்சப்படுகிறது. ஒவ்வொரு தடவையும் போகும் அளவு சுமார் 40 கன மில்லிமீட்டர். ஒரு சொட்டுத் தண்ணீரைவிடக் கொஞ்சம் குறைவு. இந்தச் சொட்டை 200 பாருக்கு மேல் அழுத்தினால்தான் நாசில் திறக்கும். இதற்கான பம்பை ராபர்ட் பாஷ் நிறுவனம் 1927இல் பெருமளவில் தயாரிக்க ஆரம்பித்தது. இந்தியாவில் 1951இல் பெங்களூரில் தொடங்கிய மைக்கோ அதே வழியில் பம்ப் தயாரித்தது. அந்த நிறுவனத்தின் பெயர் 2008இல் பாஷ் என்று மாறிவிட்டாலும் பட்டறைகளில் இன்றும் அது மைக்கோ பம்ப்தான். பம்புக்குள் இருக்கும் பிளஞ்சருக்கும் அதன் உறைக்கும் நடுவே உள்ள இடைவெளி சில மைக்ரான் மட்டுமே. தலைமுடி ஒன்றின் தடிமன் ஏறத்தாழ 70 மைக்ரான். இவ்வளவு நுட்பமான பொருள் என்பதால்தான் எல்லோருக்கும் முதலில் பம்ப் மேலேயே சந்தேகம் வருகிறது.

அந்தச் சொட்டில் கடுகளவு காற்றுக் குமிழி ஒன்று கலந்தால் என்ன ஆகும்? இரண்டு மில்லிமீட்டர் விட்டமுள்ள குமிழியின் கனஅளவு சுமார் 4 கன மில்லிமீட்டர். டீசலை 200 பார் அழுத்தினால் நூற்றில் ஒன்றரைப் பங்குதான் சுருங்கும். காற்றோ இருந்த இடம் தெரியாமல் சுருங்கிவிடும். பம்ப் தன் தள்ளலில் பத்தில் ஒரு பங்கைக் குமிழியைச் சுருக்குவதிலேயே செலவழிக்கிறது. அளவும் குறைகிறது, பீய்ச்சும் நேரமும் தள்ளிப்போகிறது. குமிழி பெரிதானால் நாசில் திறக்கவே திறக்காது. ‘ஏர் புடிச்சிருக்கு’ என்று டிரைவர்கள் சொல்வது இதைத்தான்.

டேங்கிலிருந்து நாசில் வரை டீசல் போகும் பாதையை இரண்டாகப் பிரித்துப் பார்க்க வேண்டும். டேங்கிலிருந்து டீசலை இழுத்துப் பெரிய பம்புக்குக் கொடுப்பது ஃபீட் பம்ப். அதற்கு அப்பால் டீசல் தள்ளப்படுகிறது. அங்கே விரிசல் இருந்தால் டீசல் வெளியே கசியும், கண்ணுக்குத் தெரியும், கையில் ஒட்டும், வாசனை வரும். ஃபீட் பம்புக்கு இப்பால், அதாவது டேங்கிலிருந்து ஃபீட் பம்ப் வரை, டீசல் உறிஞ்சப்படுகிறது. இந்தப் பக்கம் விரிசல் இருந்தால் டீசல் வெளியே வராது. காற்றுதான் உள்ளே போகும். ஓட்டை விழுந்த ஸ்ட்ராவில் இளநீர் குடிப்பதுபோல. ஓஸ் காய்ந்தே இருக்கும், யாருக்கும் சந்தேகம் வராது. இன்னொன்றும் உண்டு. தள்ளும் பக்கத்துக்குப் பம்பின் பலம் முழுவதும் துணையாக இருக்கிறது. உறிஞ்சும் பக்கத்துக்கு இருப்பது வெளிக்காற்றின் அழுத்தம் மட்டுமே, அதாவது ஒரே ஒரு பார். பம்ப் எவ்வளவு புதிதாக இருந்தாலும் வெளிக்காற்று டேங்கிலுள்ள டீசலை அழுத்திக் கொடுத்தால்தான் அது மேலே ஏறும். அதிகபட்சமாக ஒரு பார் என்பது சுமார் 12 மீட்டர் உயர டீசல் தூணுக்குச் சமம். நடைமுறையில் அதில் கால் பங்கு போய்விட்டாலே இன்ஜின் தவிக்க ஆரம்பிக்கும். பழைய வண்டியில் விட்டு விட்டு வரும் இழுவைக் குறைவின் இருப்பிடத்தை முதலில் இந்த உறிஞ்சும் பாதையில்தான் தேட வேண்டும் என்று நான் சொல்வதற்கு இதுவே காரணம்.

டேங்க் மூடிக்கு வருவோம். டீசல் குறையக் குறைய அந்த இடத்தை நிரப்பக் காற்று உள்ளே வர வேண்டும். அதற்காக மூடியிலோ தனிக் குழாயிலோ ஒரு சிறு மூச்சுத்துளை வைத்திருப்பார்கள். அது அடைபட்டால் டேங்குக்குள் அழுத்தம் குறைய ஆரம்பிக்கும். எவ்வளவு வேகமாகக் குறையும் என்பதில்தான் துப்பு இருக்கிறது. டேங்க் நிறைந்திருந்து, மேலே 5 லிட்டர் அளவுக்குத்தான் காற்றிடம் இருக்கிறது என்று கொள்வோம். 2 லிட்டர் டீசல் செலவானதும் அந்த 5 லிட்டர் காற்று 7 லிட்டர் இடத்தில் பரவ வேண்டும். அழுத்தம் 0.71 பாருக்கு இறங்குகிறது. இழப்பு 0.29 பார். பம்ப் இருக்கும் இடத்தை மூன்றரை மீட்டர் உயரத்துக்குத் தூக்கி வைத்து டீசலை உறிஞ்சச் சொல்வதற்கு இது சமம். சரக்கோடு லிட்டருக்குப் பன்னிரண்டு கிலோமீட்டர் ஓடும் வண்டி 2 லிட்டரை 24 கிலோமீட்டரில் குடித்துவிடும். செட்டிகுளத்திலிருந்து கிளம்பினால் அது ஏறத்தாழ சிறுகனூர். அதே வண்டியில் 20 லிட்டர் காற்றிடம் இருந்தால், 3 லிட்டர் செலவான பிறகும் இழப்பு 0.13 பார்தான், வண்டி மண்டி வரை போய்ச் சேர்ந்துவிடலாம். டேங்க் நிறைந்திருக்கும்போது வரும் கோளாறு, பாதி காலியானால் வராது! பொதுவாக நாம் நினைப்பதற்கு நேர்மாறான இந்த நடத்தையால்தான் பலர் குழம்பிப்போகிறார்கள். சூடாகித் திரும்பி வரும் ரிட்டர்ன் டீசலும், மூடி ரப்பரின் ஓரமாக நுழையும் கொஞ்சம் காற்றும் இந்தக் கணக்கை மாற்றும். ஆனால் போக்கு இதுதான். பத்து நிமிடம் நின்றால் சரியாவதற்கும் அந்த ரப்பர் ஓரமே காரணம். இன்ஜின் உறிஞ்சாத நேரத்தில் காற்று மெல்ல உள்ளே போய் அழுத்தத்தைச் சமன் செய்துவிடுகிறது.

அனுபவமுள்ள மெக்கானிக் இதை ஸ்பேனரைத் தொடாமலே கண்டுபிடிப்பார். அவர் கேட்பது இப்படி இருக்கும்:

“டேங்க் நெறஞ்சிருக்கும்போது நிக்குதா தம்பி, கொறைஞ்ச பிறகா?”

“ஃபுல் டேங்க் போட்ட அன்னைக்குத்தாண்ணே ஜாஸ்தி.”

“நின்னதும் மூடியத் தெறந்து பாத்தியா? புஸ்ஸுன்னு சத்தம் வந்துச்சா?”

“பாக்கலண்ணே.”

“அடுத்த தடவ நின்னா வேற எதையும் தொடாத. இன்ஜின ஆஃப் பண்ணிட்டு மொதல்ல மூடியத் தெற. தெறந்த ஒடனே கெளம்பிப் பாரு. இழுத்துச்சுன்னா பத்து நிமிஷம் காத்திருக்க வேணாம், எனக்கு போன் போட்டுச் சொல்லு.”

இங்கே முக்கியமானது அந்தக் கடைசி வாக்கியம். காத்திருக்காமல், மூடியை மட்டும் திறந்து மூடிச் சரியானால், பழுது மூச்சுத்துளையில்தான். ஒரே ஒரு மாற்றம், உடனடி விளைவு. பத்து நிமிட இடைவெளியில் டேங்க், பம்ப், இன்ஜின் சூடு எல்லாம் ஒரே நேரத்தில் மாறிவிடுவதால், காத்திருந்துவிட்டு வண்டி சரியானால் எதனால் சரியானது என்று சொல்ல முடியாது.

டேங்க் குறைந்த பிறகு மட்டும் கோளாறு வருகிறதென்றால் கதை வேறு. உறிஞ்சும் குழாயின் மேற்பகுதியில் துருப்பிடித்துத் துளை விழுந்திருக்கலாம். டீசல் மட்டம் அந்தத் துளைக்கு மேலே இருக்கும்வரை ஒன்றும் தெரியாது. மட்டம் கீழே போனதும் காற்றை உறிஞ்சும். அல்லது டேங்கின் அடியில் கசடு இருக்கும். வருடக்கணக்கில் இரவுக் குளிரில் டேங்க் சுவரில் வியர்த்து வடிந்த தண்ணீர் அடியில் தங்குகிறது. தண்ணீரும் டீசலும் சந்திக்கும் மெல்லிய தளத்தில் ஹார்மோகோனிஸ் ரெசினே போன்ற பூஞ்சைகள் வளரும். தண்ணீரில் வாழ்ந்துகொண்டு டீசலைத் தின்னும் இவை விமான எரிபொருள் டேங்குகளிலும் தொல்லை கொடுத்தவை. விளைவு, கருப்பாக வழுவழுப்பான ஒரு படலம். அதன் ஒரு துண்டு பிய்ந்து மிதந்து வந்து உறிஞ்சும் குழாயின் சல்லடையில் ஒட்டிக்கொள்ளும். இன்ஜின் உறிஞ்சும்வரை ஒட்டியே இருக்கும். உறிஞ்சுவது நின்றதும் கீழே விழுந்துவிடும். கழற்றிப் பார்க்கும்போது சல்லடை சுத்தமாக இருக்கும். இந்தக் கோளாறைப் பிடிக்க டேங்கை இறக்கி, முழுக்க வடித்து, டார்ச் அடித்து உள்ளே பார்ப்பது ஒன்றே வழி. அழுக்கான வேலை, அரை நாள் போகும். ஆனாலும் பம்பைக் கழற்றுவதைவிட மலிவு.

இப்போது ஓஸ். பழைய வண்டியில் உறிஞ்சும் ஓஸ் வெளியே பார்க்கக் கெட்டியாகத்தான் தெரியும். கிளிப் இருக்கும் இடத்தில் கழற்றி, நுனியை வளைத்துப் பாருங்கள். உள்பக்கம் சேற்றுநிலம் காய்ந்த மாதிரி வெடித்திருக்கும். டீசல் மாறியதும் இதில் ஒரு பங்கு வகிக்கிறது. நாடு முழுவதும் 2017 ஏப்ரலில் பத்து லட்சத்துக்கு 50 பங்கு கந்தகமுள்ள டீசலும், 2020 ஏப்ரலில் 10 பங்கு மட்டுமே உள்ள டீசலும் வந்தன. காற்றுக்கு இது பெரிய நன்மை. ஆனால் கந்தகத்தை நீக்கும் சுத்திகரிப்பில் அரோமேட்டிக் சேர்மங்களின் அளவும் குறைகிறது. பழைய நைட்ரைல் ரப்பர் அந்தச் சேர்மங்களை உறிஞ்சிக் கொஞ்சம் உப்பி நிற்பது. அவை குறைந்தால் சுருங்கும். 1993இல் அமெரிக்காவில் டீசலின் கந்தக அளவைக் குறைத்தபோது பழைய வண்டிகளின் ரப்பர் வளையங்கள் இப்படிச் சுருங்கிக் கசிந்த அனுபவம் பதிவாகியிருக்கிறது. பழைய டீசலிலேயே பல வருடம் ஊறிய வளையமும் ஓஸும் இன்னும் உங்கள் வண்டியில் இருந்தால், அவை நன்றாகத் தெரிந்தாலும் மாற்றிவிடுவது நல்லது. மாற்றும்போது வைட்டான் ரப்பரில் செய்த வளையமும், டீசலுக்கென்றே செய்த ஓஸும் கேட்டு வாங்குங்கள். தண்ணீர் ஓஸைப் போட்டால் சில மாதத்தில் உள்ளே உரியும். இணைப்பு போல்ட்டின் இருபுறமும் வரும் செம்பு வாசர்களைக் கழற்றும்போதெல்லாம் புதிதாகப் போட வேண்டும். ஒருமுறை நசுங்கிய வாசர் மறுபடி அதே மாதிரி பொருந்தாது.

காற்று புகுகிறதா என்று பார்க்கப் பட்டறைகளில் ஒரு நல்ல வழி உண்டு. ஃபீட் பம்புக்கு முன்னால் ஒரு சாண் நீளத்துக்குக் கண்ணாடி ஓஸ் வைப்பது. சரக்கோடு ஓட்டி, இழுவை குறையும் நேரத்தில் பார்த்தால் குமிழிகள் ஓடுவது தெரியும். குமிழி தெரிந்ததுமே ஓஸில் ஓட்டை என்று முடிவு கட்டிவிடக் கூடாது என்பதை மட்டும் அழுத்திச் சொல்கிறேன். சாதாரண அழுத்தத்தில் டீசல் தன் கனஅளவில் ஏறத்தாழ பத்தில் ஒரு பங்கு காற்றைத் தனக்குள் கரைத்து வைத்திருக்கிறது. சல்லடையோ மூச்சுத்துளையோ அடைத்து, குழாய்க்குள் அழுத்தம் விழுந்தால், கரைந்திருந்த காற்று குமிழியாகப் பிரிந்து வந்துவிடும். ஓட்டையே இல்லாத குழாயிலும் குமிழி தெரியும். இரண்டையும் பிரிக்க ஒரு வேக்குவம் கேஜ் போதும். குமிழியும் இருந்து, உறிஞ்சும் அழுத்தமும் பலமாகக் காட்டினால் அடைப்பு. குமிழி இருந்து, கேஜ் முள் சும்மா நின்றால் ஓட்டை.

காற்றுப் பக்கம் பற்றிக் கொஞ்சம். ஒரு லிட்டர் டீசல் எரியக் குறைந்தபட்சம் பன்னிரண்டு கிலோ காற்று வேண்டும். அதாவது பத்தாயிரம் லிட்டர். இன்ஜின் உண்மையில் இழுப்பது அதைவிட அதிகம். அத்தனையும் ஒரு காகித ஃபில்டர் வழியாகத்தான் போக வேண்டும். அரியலூர்ச் சாலைகளில் சுண்ணாம்புக்கல் ஏற்றிய டிப்பர்களுக்குப் பின்னால் ஓடும் பிக்கப் எப்படிப்பட்ட காற்றைக் குடிக்கிறது என்று எல்லோரும் பார்த்திருக்கிறோம். கிரிட்டேசியஸ் காலத்துக் கடலின் அடியில் படிந்த அந்தச் சுண்ணாம்பு மாவுபோல மென்மையானது. மோஸ் கடினத்தன்மை அளவில் கால்சைட்டுக்கு 3 தான். அது ஃபில்டரை அடைக்கும், லைனரை அவ்வளவாகத் தேய்க்காது. பெரம்பலூர்ப் பக்கத்துக் கல்குவாரி, கிரஷர் தூசியில் இருக்கும் குவார்ட்ஸின் கடினத்தன்மை 7. அது ஃபில்டரைத் தாண்டி உள்ளே போனால் லைனரையே அரைக்கும். ஆகவே இரண்டு ஊருக்கும் பராமரிப்பு ஒன்றல்ல. அரியலூர்ப் பக்கம் ஓடும் வண்டிக்கு ஃபில்டரை அடிக்கடி மாற்றுவது முக்கியம். குவாரி வேலைக்குப் போகும் வண்டிக்கு ஃபில்டர் உறையின் கிளிப்பும் ரப்பரும் இறுகப் பிடிக்கின்றனவா என்று பார்ப்பது அதைவிட முக்கியம்.

காற்றா டீசலா என்பதைச் சைலன்சரே சொல்லிவிடும். இழுவை குறையும் அதே நேரத்தில் பின்னால் கரும்புகை தள்ளினால், டீசல் போகிறது, காற்று போதவில்லை. ஃபில்டர் அடைத்திருக்கிறது, அல்லது காற்று ஓஸ் சூட்டில் இளகி உள்ளே ஒட்டிக்கொள்கிறது, டர்போ உள்ள வண்டியென்றால் அதன் குழாய் எங்கோ பிளந்திருக்கிறது. இழுவை குறைந்தும் புகையே இல்லையென்றால், எரிய டீசலே வரவில்லை. டிரைவருக்கு இது தெரிவதில்லை, ஏனென்றால் அவர் முன்னால் பார்த்து ஓட்டுகிறார். பின்னால் பைக்கில் ஒருவரை வரச் சொல்லுங்கள். அரை மணி நேரப் பயணத்தில் கோளாறின் பாதி இடங்கள் சந்தேகத்திலிருந்து நீங்கிவிடும்.

இன்ஜின் எப்படிச் சாகிறது என்பதும் சாட்சிதான். மெல்ல மெல்ல முக்கி, திணறி, கொஞ்ச நேரம் எடுத்துக்கொண்டு இறங்கினால் டீசல் பட்டினி. சுவிட்சை அணைத்ததுபோல் ஒரு நொடி வெட்டி, மறுநொடி பிடித்துக்கொண்டால் அது மின்சாரம். சாவியைத் திருப்பி அணைக்கும் பழைய ரோட்டரி பம்புகளின் தலையில் ஒரு சோலனாய்டு இருக்கும்; 12 வோல்ட் மின்சாரம் வரும்வரைதான் அது டீசல் வழியைத் திறந்து வைத்திருக்கும். அதற்கு வரும் ஒற்றை ஒயர் துருப்பிடித்தோ தளர்ந்தோ இருந்தால், பள்ளத்தில் இறங்கும்போதெல்லாம் இன்ஜின் வெட்டும். இந்த ஒரு ஒயருக்காகப் பம்பைக் கழற்றுவது கொடுமை. 2011இல் வந்த தோஸ்த் போன்ற, கணினி கட்டுப்படுத்தும் காமன் ரயில் வண்டிகளில் இன்னொரு வகை உண்டு. ஏதாவது சென்சார் தவறான அளவு காட்டினால், இன்ஜினைக் காப்பாற்றக் கணினியே இழுவையைக் குறைத்துவிடும். அப்போது சாவியை அணைத்து உடனே போட்டால் சில சமயம் முழு இழுவையும் திரும்பிவிடும். அணைத்துப் போட்டதும் சரியாகிறதா, காத்திருந்தால்தான் சரியாகிறதா? முதலாவதென்றால் ஸ்கேனர் வைத்துப் பார்க்க வேண்டும். இரண்டாவதென்றால் காமன் ரயிலிலும் டேங்க், ஓஸ், ஃபில்டர் என்ற அதே பழைய பாதைதான்.

இன்ஜினே குற்றவாளி இல்லாமல் போவதும் உண்டு. இன்ஜின் சத்தம் கூடி வேகம் கூடாவிட்டால் கிளட்ச் பிளேட் நழுவுகிறது. வண்டியை நிறுத்தியதும் ஒரு சக்கரம் மட்டும் கைவைக்க முடியாத சூட்டில் இருந்தால் பிரேக் விடாமல் பிடிக்கிறது. அது ஆறினால் விட்டுவிடும், பத்து நிமிடத்தில் வண்டி ‘சரியாகிவிடும்’. டிரம்மை நேரடியாகத் தொடாமல் அருகே கை காட்டிப் பார்த்தாலே தெரியும்.

இவ்வளவுக்குப் பிறகும் தெரியாவிட்டால், நான் மிகவும் மதிக்கும் சோதனை ஒன்று இருக்கிறது. ஐந்து லிட்டர் கேனில் நல்ல டீசல் எடுத்து, பிக்கப்பின் பின்தொட்டியில் அசையாமல் கட்ட வேண்டும். டேங்கிலிருந்து வரும் ஓஸைக் கழற்றிவிட்டு, புது ஓஸ் ஒன்றால் கேனிலிருந்து ஃபீட் பம்புக்கு இணைப்பு. ரிட்டர்ன் ஓஸும் கேனுக்கே. ஓஸ் சைலன்சர் பக்கம் போகாமலும் எங்கும் உரசாமலும் பார்த்துக்கொள்ள வேண்டும். கேன் மூடியில் காற்று போக ஒரு துளை வேண்டும். காற்றை எடுத்துவிட்டு, அதே சரக்கு, அதே சாலை, அதே நேரம் என ஓட்ட வேண்டும். கோளாறு வரவில்லையென்றால் அது டேங்க், மூடி, சல்லடை, பழைய ஓஸ் என்ற பாதிக்குள் சிக்கிக்கொண்டது; பம்பும் நாசிலும் விடுதலை. கோளாறு அப்படியே வந்தால் டேங்க் பக்கம் திரும்பிப் பார்க்க வேண்டியதில்லை. கேன் பம்பைவிட உயரத்தில் இருப்பதால் டீசல் தானாகவே இறங்கி வரும், நொந்துபோன ஃபீட் பம்பின் குறையும் இதில் மறைந்துவிடும் என்பதை மட்டும் நினைவில் வைக்க வேண்டும். அதைச் சந்தேகித்தால் அடுத்த நாள் கேனைக் கீழே, டேங்க் மட்டத்தில் கட்டி ஓட்டிப் பார்க்கலாம்.

பம்ப் மேல் சந்தேகம் வைக்க வேண்டிய நேரமும் வரும். அதன் அடையாளம் சூடு. காலையில் நன்றாக இழுத்து, சித்திரை வெயிலில் மதியம் இழுவை குறைந்து, நின்ற பிறகு சூடாக ஸ்டார்ட் ஆகாமல் அடம்பிடித்து, ஆறியதும் ஸ்டார்ட் ஆனால் பம்ப் தேய்ந்திருக்கிறது. இந்தியத் தர அளவின்படி 40 டிகிரியில் டீசலின் பாகுத்தன்மை 2 முதல் 4.5 சென்டிஸ்டோக் வரை இருக்கலாம்; சூடு ஏற ஏற இது வேகமாகக் குறையும். இளகிய டீசல் பிளஞ்சரின் ஓரமாக நழுவி ஓடும். இடைவெளியின் மும்மடிப் பெருக்கத்தில் இந்தக் கசிவு கூடும் என்பது திரவ இயக்கவியலின் கணக்கு. 2 மைக்ரான் இடைவெளி தேய்ந்து 4 மைக்ரான் ஆனால் கசிவு இரண்டு மடங்கு ஆவதில்லை, எட்டு மடங்கு ஆகிறது. மண்ணெண்ணெய் கலந்த டீசல் கசிவையும் கூட்டும், வழவழப்புக் குறைந்து தேய்மானத்தையும் கூட்டும். சோதிப்பதற்கு, சூடாக ஸ்டார்ட் ஆகாமல் நிற்கும் நேரத்தில் நனைத்துப் பிழிந்த சாக்கைப் பம்ப் மேல் போட்டு வையுங்கள். தண்ணீரை நேரடியாக ஊற்றக் கூடாது. சூடான உலோகம் சட்டென்று சுருங்கினால் உள்ளே இறுகிவிடும். ஐந்து நிமிடத்தில் பம்ப் மட்டும் குளிர்ந்து, இன்ஜின் இன்னும் சூடாக இருக்கும்போதே ஸ்டார்ட் ஆனால் பழுது பம்பில்தான்.

அப்போது கழற்றிக் கொண்டுபோகலாம். பம்ப் சர்வீஸ் பெஞ்சில் சோதனை எண்ணெய் பெரும்பாலும் 40 டிகிரி அளவில்தான் இருக்கும். அந்தச் சூட்டில் தேய்ந்த பம்பும் சரியான அளவைக் காட்டி ‘பம்ப் நல்லாத்தான் இருக்கு’ என்று திரும்பி வந்துவிடலாம். கொடுக்கும்போதே ஒரு சீட்டில் எழுதிக் கொடுங்கள்: மதியம் மட்டும் வருகிறது, கேன் வைத்தும் வந்தது, கரும்புகை இல்லை, சாக்கு போட்டதும் ஸ்டார்ட் ஆனது. குறைந்த சுற்றில், ஸ்டார்ட் செய்யும் வேகத்தில் எவ்வளவு டீசல் தள்ளுகிறது என்று தனியாகப் பார்க்கச் சொல்லுங்கள். தேய்ந்த பம்பின் கசிவு முதலில் அங்கேதான் தெரியும். சுற்று குறைவாக இருக்கும்போது ஒவ்வொரு தள்ளலுக்கும் நேரம் அதிகம். டீசல் நழுவி ஓடவும் அவ்வளவு நேரம் கிடைக்கிறது.